இபிலிமுமாப்

முற்றிய மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு 2011 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எதிர்ப்பொருள் மருந்து. புற்றுசெல்களை இது தொடுவதேயில்லை. நோயெதிர்ப்பு செல்களான டி செல்களுக்குப் பிரேக் போல இருப்பது அவற்றின் மேலுள்ள சிடிஎல்ஏ-4 புரதம். மருந்து அதைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. இந்தப் பிரேக்கை விலக்கினால் டி செல்கள் கட்டியைத் தாக்கும் என்பதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஆலிசனின் குழு எலிகளில் நிறுவி 1996இல் வெளியிட்டது. எலியின் எதிர்ப்பொருளை மனித உடல் அந்நியமென எதிர்க்கக்கூடும். அதனால் மனித எதிர்ப்பொருள் மரபணுக்கள் புகுத்தப்பட்ட எலிகளைக் கொண்டே இம்மருந்து உருவாக்கப்பட்டது. மருந்து பெற்ற சிலருக்குக் கட்டி முதலில் பெருத்து, பிறகே சுருங்கியது. கீமோதெரபிக்கான பழைய அளவுகோலில் அது வெறும் தோல்வி. கட்டவிழ்ந்த டி செல்கள் குடலையே தாக்கிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவதுண்டு. அப்போது ஸ்டீராய்டு தருவார்கள். நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளில், 1992இல் சிறுநீரகப் புற்றுக்கு வந்த இன்டர்லூக்கின்-2 வேறு வகை: டி செல்களை நேரடியாக முடுக்கும் புரதம். ஆலிசனும், டி செல்களின் மற்றொரு பிரேக்கான பிடி-1 புரதத்தைக் கண்டறிந்த தசுகு ஹோஞ்சோவும் 2018 மருத்துவ நோபலைப் பகிர்ந்தனர்.