பழைய ரேடியோவைத் திறக்கும் முன்

பழைய சாமான் கடையில் ஒரு வால்வு ரேடியோவை வாங்கி வந்து பழுதுபார்ப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால், நம் மண்ணில் அந்தப் பெட்டி வெறும் பொழுதுபோக்குச் சாதனமாக மட்டும் இருந்ததில்லை. அதைத் தெரிந்துகொண்டு திருப்புளியை எடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சிங்கப்பூர் கால்டிகாட் குன்றிலிருந்து 1937இல் ஒலிபரப்பு தொடங்கியபோது, ரேடியோ என்பது வசதி படைத்தவர் வீட்டுப் பொருள். சுவிட்சைப் போட்டு, வால்வுகள் சூடேறும்வரை அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். ஜப்பானியர் ஆட்சியில் அதே பெட்டி உயிரைப் பறிக்கும் பொருளாயிற்று. வெளிநாட்டுச் செய்தி மக்கள் காதில் விழக்கூடாது என்று குறுஅலை கேட்பதைத் தடை செய்தார்கள்.

1943 செப்டம்பரில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. சாங்கிச் சிறையில் இருந்தவர்களின் சதி இது என்று கெம்பெத்தாய் சந்தேகித்தது. அக்டோபர் 10ஆம் நாள் சிறையில் சோதனை நடந்தது. ஒளித்து வைத்திருந்த ரேடியோக்கள் அகப்பட்டன. பிடித்துச் செல்லப்பட்ட 57 பேரில் 15 பேர் சித்திரவதையால் மாண்டனர். உண்மையில் அந்தத் தாக்குதலைச் செய்தவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து படகில் வந்த வீரர்கள்!

நம் பேராக் மாநிலத்துப் பாப்பானையும் நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தமிழ் வழிவந்த மருத்துவரை மணந்த தாதி சிபில் கார்த்திகேசு அங்கேதான் காயம்பட்ட போராளிகளுக்கு மருந்திட்டார். மறைவாக வைத்திருந்த ரேடியோவில் பிபிசி செய்தியும் கேட்டார். அந்தப் பெட்டிக்கு அவர்கள் சூட்டிய செல்லப்பெயர் 'ஜோசபின்'. 1943இல் கைதானார், சொல்லொணாச் சித்திரவதைக்கு ஆளானார். அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. ஆனால் உடல் தேறவில்லை. 1948இல் பிரிட்டனில் காலமானார்.

ஆகவே, 1942க்கு முந்தைய பெட்டி ஒன்று கையில் கிடைத்து, அதில் குறுஅலைக் கம்பிச்சுருள் மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தால், உடனே ஒட்டவைக்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்தத் தடை விட்டுச்சென்ற தழும்பாகவும் இருக்கலாம். முதலில் படம் எடுத்து வையுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். புதியவர்கள் ஆர்வத்தில் முதலில் செய்வது, பிளக்கைச் செருகிப் பாடுகிறதா என்று பார்ப்பது. அதைத்தான் செய்யவே கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் காகிதக் கண்டன்சர்கள் ஈரம் குடித்துக் கெட்டிருக்கும். ஒலிபெருக்கியை இயக்கும் வால்வுக்கு முன்னால் உள்ள கண்டன்சர் கசிந்தால், அந்த வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கும். தானும் கெட்டு டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். எழுபது ஆண்டு தாங்கிய பொருள் ஏழு நிமிடத்தில் போய்விடும். வால்வுகளை வீணாகக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அவை நன்றாகவே இருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பெட்டிகளும் உண்டு. அவற்றில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்திலேயே வீட்டு மின்சாரம் பாயக்கூடும். தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கும். பழகாத கை அதைத் தொட வேண்டாம். கனமான பெட்டியிலும் பிளக்கைக் கழற்றிய பிறகு கண்டன்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். கைதேர்ந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அதை வடித்துவிட்டே தொடங்குங்கள். மக்கிப்போன ரப்பர் வயரையும் கெட்ட கண்டன்சர்களையும் மாற்றிய பின், 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது; நிறுத்திவிடுங்கள். மங்கினால் நல்ல அறிகுறி.

ஒரு சிறு எச்சரிக்கை. ரெடிஃப்யூஷன் பெட்டியை ரேடியோ என்று விலை பேசுவோர் உண்டு. 1949இல் தொடங்கிய அந்தச் சேவை கம்பி வழியே வந்தது. வீட்டிலிருந்த பெட்டி பெரும்பாலும் ஒலிபெருக்கிதான்; அதில் வால்வைத் தேடிப் பயனில்லை.

பெட்டி உயிர்பெற்றாலும் மின்னலும் ஒலியும் அதில் கேட்காது. அவை பண்பலையில் ஒலிக்கின்றன. இரவில் குறுஅலை முள்ளை மெல்லத் திருப்பினால் தூரத்து நிலையம் ஏதாவது சிக்கும். கழற்றிய பழைய கண்டன்சர்களை மட்டும் குப்பையில் போடாதீர்கள். ஓர் உறையில் இட்டு, மாற்றிய தேதியை எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்துவிடுங்கள்.