தொடு தோலழற்சி

புறப்பொருளொன்று சருமத்தில் படுவதனாலேயே அவ்விடம் சிவந்து, தடித்து, அரித்து, கொப்புளித்து நீர் கசியும் நோய் தொடு தோலழற்சி எனப்படும். இது தொற்றுநோயன்று, ஆதலால் நோயாளியை ஒதுக்கிவைக்க யாதொரு முகாந்திரமும் இல்லை. இதில் இரு வகை உண்டு. சோப்பு, சுண்ணாம்பு, சிமெண்டு, ஓயாத ஈரம் ஆகியவை எவருடைய தோலையும் அரித்துப் புண்ணாக்குவது ஒன்று, பெரும்பான்மை இதுவே. மற்றது ஒவ்வாமையால் வருவது. உடலின் வெள்ளணுக்கள் ஒரு பொருளைப் பகையென்று நினைவில் இருத்திக்கொண்டுவிட்டால், பிறகு அது பட்ட ஒன்றிரண்டு நாளில் அழற்சி கிளம்பும். அந்தப் பகை முதல் மாதத்திலும் மூளலாம், பல்லாண்டுப் பழக்கத்திற்குப் பின்பும் மூளலாம். "பத்து வருஷமாக இட்டுக்கொள்ளும் குங்குமத்தினாலா இப்போது வந்தது?" என்று வியப்பவர்களுக்கு, ஆம், அதனாலேயே வரக்கூடும் என்பதுதான் விடை.

முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதும், 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்ததுமான திருத்தணி போன்ற ஒரு யாத்திரைத் தலத்தில் இந்நோய்க்குரிய காரணங்கள் பல ஒருங்கே கூடுகின்றன. ஆடிக்கிருத்திகையன்று புஷ்பக்காவடிகள் 365 படிகளேறி மலைக்குச் செல்லும். அவற்றுக்காகக் கூடை கூடையாகச் சாமந்தி தொடுப்பவர்களின் விரல் நுனிகள் வெடித்து அரிப்பெடுப்பதை உழைப்பின் கூலியென்று கருதி விட்டுவிடுவது சரியன்று. சாமந்தியும், மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து 1950-களின் நடுவில் புணேயில் கண்டறியப்பட்ட பார்த்தீனியமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தெலுங்கர் 'வய்யாரிபாமா' என்றழைக்கும் அந்த வெண்பூச் செடி, எல்லையின் இருபுறமும் புறம்போக்குகளிலும் சாலையோரங்களிலும் மண்டிக் கிடக்கிறது. அதன் ஒவ்வாமை கொண்டவருக்குச் சாமந்தியும் ஒவ்வாமற்போகலாம். பார்த்தீனியத்தின் உலர்ந்த துகள் காற்றில் பறந்து படிவதால், வெயிலால் வரும் அழற்சி பெரும்பாலும் தீண்டாத கண்ணிமையும், காதின் பின்புறமும், மோவாயின் அடிப்பாகமும் முழங்கை மடிப்பும்கூட இதில் தடித்துவிடும். தேர்ந்த மருத்துவர் முதலில் பார்க்கும் அடையாளம் அதுவே.

குங்குமத்தின் தடம் வேறு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த பழைய குங்குமத்தின் இடத்தில் செயற்கைச் சாயமேறிய மலிவான பொடிகள் பெருகிவிட்டமையால், நெற்றியிலும் வகிட்டிலும் முதலில் அரிப்பும், பின்பு நீங்காத கருமையும் தோன்றுகின்றன. அந்தக் கருமையை மறைக்கப் பொட்டைப் பெரிதாக்குவது நோயையே பெரிதாக்குவதாகும். மொட்டையடிப்பவர்களின் கைகள் ஈரத்தாலும் கிருமிநாசினியாலும் வறண்டு வெடிப்பதும், தலைச்சாயத்தால் நெற்றியோரமும் காதும் வீங்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

எப்பொருள் காரணமென்று துணிவதற்கு, 1895-இல் யோசப் யாதாசோன் வெளியிட்ட ஒட்டுப் பரிசோதனையே இன்றும் பிரமாணமாக உள்ளது. சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிற்றளவில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் நனையாமல் காத்து, எடுத்துப் பார்த்தபின், ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள்.

சிகிச்சையின் தலையாய அங்கம் காரணப் பொருளை விலக்குதல். அதைச் செய்யாமல் பூசும் களிம்பு எதுவும் நிலைக்காது. பொருள் பட்டவுடன் ஏராளமான தண்ணீரில் கழுவுதல், நீர் கசியும்போது உப்புநீரில் நனைத்த தூய துணியை ஒற்றுதல், வறண்டபின் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவுதல் ஆகியவை வீட்டிலேயே செய்யத்தக்கவை. ஸ்டீராய்டு களிம்பின் வீரியத்தையும் நாள்களையும் மருத்துவரே வரையறுக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, நரம்போடி, முகம் கெடும். நியோமைசின் கலந்த களிம்பே சிலருக்கு ஒவ்வாமை தருவதுண்டு. தீராத பார்த்தீனிய அழற்சிக்கு அசதியோபிரின் மாத்திரை பயன் தருகிறது. ஆனால் இடையிடையே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே அதை உட்கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் செல்பவர்கள் தாம் இடும் குங்குமத்தையும், பூசும் சாயத்தையும், இதுவரை தடவிய களிம்புகளையும் தவறாமல் கையோடு எடுத்துச் செல்லவேண்டும்.