மோசடி வழக்கில் காலக்கெடு எந்த நாளில் தொடங்குகிறது?

ஏமாற்றி எழுதி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு இந்தியாவில் மூன்றாண்டு கெடு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 59ஆம் உறுப்பு இதை விதிக்கிறது. கெடு கடந்திருந்தால், பிரதிவாதி அதை எழுப்பாவிட்டாலும், 3ஆம் பிரிவின்படி நீதிமன்றமே வழக்கைத் தள்ளுபடி செய்தாக வேண்டும். மேல்முறையீட்டில் தாமதத்தை மன்னிக்க உதவும் 5ஆம் பிரிவு அசல் வழக்குக்குக் கைகொடுக்காது. ஆகவே முதல் நாள் எது என்பதிலேயே பல வழக்குகளின் தலையெழுத்து அடங்கிவிடுகிறது.

பத்திரத்தை ரத்து செய்யும் உரிமையைத் தரும் உண்மைகள் வாதிக்கு முதன்முதலில் தெரியவந்த நாளே தொடக்கம் என்கிறது 59ஆம் உறுப்பு. 17ஆம் பிரிவோ, மோசடியை வாதி கண்டறியும்வரை, அல்லது நியாயமான விழிப்போடு இருந்திருந்தால் கண்டறிந்திருக்கக்கூடிய நாள்வரை, காலம் ஓடத் தொடங்காது என்கிறது. இந்த விழிப்பு நிபந்தனை 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் கிடையாது, 1963இல்தான் நுழைந்தது. இதைப் பற்றிக்கொண்டு பிரதிவாதிகள், "அன்றே விசாரித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், எனவே அன்றிலிருந்தே கெடு" என்று வாதிடுகிறார்கள். என் கருத்தில் இது சட்டத்தைத் தலைகீழாக வாசிப்பது. 17ஆம் பிரிவு காலத்தைத் தள்ளிப்போட வந்த பிரிவு. அறிந்த நாளையே தொடக்கமாகக் கொண்ட ஓர் உறுப்பில், அறியாத ஒரு நாளுக்குக் கெடுவை முன்னிழுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கும் சலுகையா என்று கேட்கலாம். வேண்டுமென்றே கண்ணை மூடியவருக்கு விஷயம் தெரியும் என்றே சூழ்நிலைச் சான்றுகளிலிருந்து நீதிமன்றம் முடிவு செய்யலாம். அது மெய்யான அறிவைப் பற்றிய முடிவு. விழிப்பின்மைக்கான தண்டனை ஆகாது.

விழிப்பை அளக்கும்போதும் வாதியின் நிலையிலிருந்தே அளக்க வேண்டும். 1968இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்கு நல்ல சான்று. மனைவி சில நிலங்களைத் தானமாக எழுதித்தர இசைந்திருந்தார். கணவன் அவருக்குத் தெரியாமல் வேறு இரண்டு சர்வே எண்களையும் அதே பத்திரத்தில் சேர்த்துவிட்டான். கணவன் உயிரோடு இருந்தவரை அவர் அவனுடைய ஆதிக்கத்தில்தான் இருந்தார் என்பதை ஏற்று, கெடு கடக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டது. குடும்பத்துக்குள் நடக்கும் மோசடியின் இயல்பு இதில் தெளிவாகத் தெரிகிறது. கேள்வி கேட்கவிடாத உறவுதான் அங்கே மோசடியின் கருவி. அந்த உறவுக்குள் இருந்தவரைப் பார்த்து "ஏன் விசாரிக்கவில்லை?" என்று கேட்பது, ஏமாற்றியவனின் வெற்றியையே அவனுக்குப் பாதுகாப்பாக்குவது.

பத்திரம் பதிவாகிவிட்டதே, வில்லங்கச் சான்றைப் பார்த்திருக்கலாமே என்பது அடுத்த வாதம். பதிவை அறிந்ததாகக் கொள்ளும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு விளக்கம், அந்தச் சொத்தைப் பின்னர் வாங்குபவரையே குறிக்கிறது. தன் வீட்டில் குடியிருந்து வரி கட்டிவரும் உரிமையாளர் ஆண்டுதோறும் தன் சொத்துக்கே வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதனால் பின்னர் வாங்கியவர் பாதிக்கப்படுவாரே என்றால், நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் நபரை 17ஆம் பிரிவின் வரம்புரையே காக்கிறது.

2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு குஜராத் நில வழக்கில், கெடு கடந்தது என்று பிராதைத் தொடக்கத்திலேயே நிராகரித்ததை உறுதி செய்தது. அது சரியான தீர்ப்பு. 2009ஆம் ஆண்டுக் கிரயத்தை எழுதிக்கொடுத்தவர்களே, பணம் முழுதாக வரவில்லை என்று 2014இல் வழக்குத் தொடுத்திருந்தார்கள்; பணம் வராதது அவர்களுக்கு அப்போதே தெரியும். உண்மை மறைக்கப்பட்ட வழக்குகளில் அதைக் கொண்டுபோய்ப் பொருத்துவது தவறு. பிராதை நிராகரிக்கும் கட்டத்தில், அறிந்த நாள் பற்றி வாதி சொல்வதை மெய்யென்றே கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2015இல் கூறியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இது இப்போது அவசரமான கேள்வி. போலிப் பத்திரங்களை ரத்து செய்ய மாவட்டப் பதிவாளருக்கு 2022இல் அதிகாரம் தந்த, பதிவுச் சட்டத்தின் 77-அ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாது என்று அறிவித்தது. பாதிக்கப்பட்டவர் மீண்டும் உரிமையியல் நீதிமன்றத்துக்கே வர வேண்டியிருக்கிறது. அங்கே "அண்மையில் தெரியவந்தது" என்ற ஒற்றை வரி போதாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6 விதி 4 மோசடியின் விவரங்களையும், கட்டளை 7 விதி 6 கெடுவிலிருந்து விலக்குக் கோரும் காரணத்தையும் பிராதிலேயே கேட்கின்றன. எந்தத் தேதியில், யார் மூலம், எந்த ஆவணத்தைப் பார்த்துத் தெரிந்தது, அதற்குமுன் ஏன் தெரிய வழியில்லை என்பதை வழக்கறிஞர் முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும்.