மாற்ற வேண்டிய கியர் ஆயிலை விட்டுவிட்டு, தீராத ஏசி கேஸை நிரப்புகிறோமா? ஆட்டோமேட்டிக் கார்களின் பெரிய பில் எங்கிருந்து வருகிறது?

கோடை தொடங்கியதும் சர்வீஸ் சென்டர்களில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "ஏசி கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்." அதே மேசையில், "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாத்தணுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "அது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்."

இந்த இரண்டு பதில்களும் தலைகீழாக இருக்க வேண்டியவை. ஏசி கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி செலவாகித் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. ரப்பர் குழாய்கள் வழியாக ஆண்டுக்குச் சில கிராம் கசியும், அவ்வளவுதான். கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கியர்பாக்ஸ் ஆயிலின் கதை வேறு. அது குறையாது, ஆனால் சூட்டில் வெந்து வெந்து கெட்டுப்போகும். தீராததை ஆண்டுதோறும் நிரப்புகிறோம், கெடுவதைப் பத்தாண்டு தொடாமல் விடுகிறோம். முதலாவதில் போவது சில ஆயிரங்கள். இரண்டாவதில் பில் ஆறு இலக்கத்துக்குப் போகலாம்.

முதலில், உங்கள் காரில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

"ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. கோளாறும் செலவும் எது என்பதைப் பொறுத்தே அமையும்.

2014-ல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கியது ஏஎம்டி. வேகன் ஆர், டியாகோ, பஞ்ச் போன்ற கார்களில் இருப்பது இதுதான். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். நம் இடது காலும் கையும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது, அவ்வளவே. கிளட்ச் தேய்ந்தால் கிளட்ச் மாற்றலாம். உள்ளூர் மெக்கானிக்கும் ஓரளவு சமாளிக்கும் வேலை இது. அந்தக் கருவி பழுதானால்தான் செலவு ஏறும்.

பிரெஸ்ஸா, இன்னோவா கிரிஸ்டா போன்றவற்றில் இருப்பது டார்க் கன்வர்ட்டர் வகை. இதுதான் பழைய, நிஜமான ஆட்டோமேட்டிக். ஹோண்டா சிட்டி, அமேஸ், நிசான் மேக்னைட் டர்போ ஆகியவற்றில் சிவிடி. இதில் தனித்தனி கியர்களே கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் எஃகு பெல்ட் ஓடுகிறது. செல்டோஸ் டர்போ, வென்யூ டர்போ, விர்டஸ் 1.5 போன்றவற்றில் வருவது டிசிடி. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. நெடுஞ்சாலையில் பிரமாதமாக ஓடும். ஆனால் டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது, ஆயிலில் நனையாத 'டிரை' கிளட்ச் உள்ள மாடல்களில் சூடு வேகமாக ஏறிவிடும்.

'லைஃப்டைம்' என்றால் யாருடைய லைஃப்டைம்?

என்ஜின் ஆயிலின் முக்கிய வேலை மசகு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் அதைவிட அதிக வேலை பார்க்கிறது. என்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது, அழுத்தம் கொடுத்து கியரை மாற்றுகிறது, சூட்டை வெளியே எடுத்துப் போகிறது. இத்தனையையும் செய்யும் திரவம் என்றென்றைக்கும் புதிதாகவே இருக்கும் என்பதை எப்படி நம்புவது?

பல சொகுசு கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மானிய நிறுவனம் இசட்.எஃப். அதன் கியர்பாக்ஸ்களைப் பொருத்தும் சில கார் நிறுவனங்கள் 'ஆயில் மாற்றத் தேவையில்லை' என்கின்றன. ஆனால் இசட்.எஃப்.பின் சொந்தப் பரிந்துரையோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றுங்கள் என்பது. செய்தவரே மாற்றச் சொல்லும்போது விற்பவர் ஏன் வேண்டாம் என்கிறார்? பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டுவது ஒரு காரணம். இன்னொன்று, 'லைஃப்டைம்' என்பது நடைமுறையில் வாரண்டிக் காலத்தை ஒட்டிய கணக்காகிவிடுகிறது. காரை 12 ஆண்டு ஓட்டப்போகும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு உதவாது.

உங்கள் காரின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். பல கையேடுகளில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். அதிக வெப்பம், தூசி, மலைப்பாதை, நின்று நின்று போகும் டிராஃபிக், குறுந்தூரப் பயணம் என்று ஒரு பட்டியல். அப்படி ஓட்டினால் ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்லியிருப்பார்கள். பெங்களூரு சில்க் போர்டிலோ, சென்னை ஓ.எம்.ஆரிலோ, மும்பை அந்தேரியிலோ ஓட்டுபவருக்கு இதைப் படித்தால் சிரிப்புதான் வரும். நமக்கு அது விதிவிலக்கு இல்லை, திங்கட்கிழமை காலை.

இது வெறும் அனுமானம் அல்ல. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஏழு வேக டிசிடியில் இருந்த சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றுவதற்காக. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில், அந்த ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்பதே காரணம்.

ஆயில் மாற்றும்போது இரண்டு விஷயம். ஒன்று, கீழே போல்ட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வந்துவிடாது. டார்க் கன்வர்ட்டருக்குள் பெரும்பகுதி தங்கிவிடும். அதனால்தான் சில மெக்கானிக்குகள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை மாற்றச் சொல்கிறார்கள். அது ஏமாற்று வேலை இல்லை. இரண்டு, சிவிடிக்கு சிவிடி ஆயில்தான். "எல்லாம் ஒண்ணுதான்" என்று சாதாரண ஏடிஎஃப்-ஐ ஊற்றினால் பெல்ட் வழுக்கி, புல்லியில் கோடு விழுந்துவிடும்.

ஓவர்ஹால் என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வார்கள்?

'டி'-யில் போட்டபின் வண்டி நகர ஒன்றிரண்டு விநாடி தாமதம், கியர் மாறும்போது 'தட்' என்ற உதைப்பு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருப்பது. இவைதான் வழக்கமான அறிகுறிகள். ஆனால் இவை எல்லாமே ஓவர்ஹாலில்தான் முடிய வேண்டும் என்பதில்லை. பலவீனமான பேட்டரி, உடைந்த மவுண்ட், ஆயில் குறைவு, ஒரு சோலனாய்டு என இவற்றில் ஏதாவது ஒன்றுகூட இதே நாடகத்தை ஆடும். ஸ்கேனர் போட்டு, ஆயிலின் அளவையும் நிறத்தையும் வாடையையும் பார்த்து, அழுத்தத்தை அளந்த பிறகுதான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். நேரடியாக "இறக்கிப் பார்த்துடலாம்" என்பவரிடம் கொஞ்சம் நிதானம் தேவை.

இறக்கிய பிறகு, முழுக்கப் பிரித்துக் கழுவி, எல்லா சீல், ஓ-ரிங், கேஸ்கெட்டையும் மாற்றுவார்கள். இவை 'கிட்' ஆகக் கிடைக்கும். தேய்ந்த ஃப்ரிக்ஷன் பிளேட்டுகள் புதிதாகும். வால்வ் பாடி என்ற பகுதி, உள்ளே எறும்புப் புற்று மாதிரி நுண்ணிய வழிகள் கொண்டது. அதில் ஒரு தூசி சிக்கினாலும் கியர் தடுமாறும். டார்க் கன்வர்ட்டர் வெல்டிங் செய்து மூடப்பட்ட உருண்டை. அதைப் புதிதாக வாங்க வேண்டும், அல்லது அறுத்துத் திறந்து, சரிசெய்து, மீண்டும் வெல்டு வைத்து, பேலன்ஸ் பார்த்துத் தரும் நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது ஆயில் கூலரில். பழைய கியர்பாக்ஸ் தேயும்போது உதிர்ந்த உலோகத் துகள்கள் கூலரிலும் குழாய்களிலும் போய்த் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல், அல்லது மாற்றாமல் விட்டால், புதிதாகச் சரிசெய்த கியர்பாக்ஸுக்குள் அதே குப்பை திரும்ப வரும். ஓவர்ஹால் முடிந்த சில மாதத்தில் மறுபடியும் அதே பிரச்சினையா? முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். "கூலரை என்ன செய்தீர்கள்?" என்ற ஒரு கேள்வி, மெக்கானிக் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடும்.

கடைசி வேலை, ஆயிலைச் சரியான அளவு நிரப்புவது. பல புதிய கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்ததும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். பிறகு ஸ்கேனர் மூலம் கணினிக்குப் புதிய கிளட்ச்சைப் 'பழக்க' வேண்டும். இதைச் செய்யாமல் கொடுத்தால் நன்றாகச் சரிசெய்த கியர்பாக்ஸும் உதைக்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் பிரிப்பதில்லை. முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். அதனால்தான் பில் எகிறுகிறது. மறுபக்கம், டெல்லி மாயாபுரி, சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கழட்டின கியர்பாக்ஸ் கிடைக்கும். விலை குறைவுதான். ஆனால் அது எந்தக் காரிலிருந்து வந்தது? வெள்ளத்தில் மூழ்கிய காராக இருந்தால் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது.

சரி, ஏசி. கேஸ் நிரப்பினாலும் ஏன் மறுபடி போகிறது?

கூலிங் குறைந்ததும் கேஸ்தான் காரணம் என்று முடிவு கட்டுவது பழக்கமாகிவிட்டது. கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். முன்னால் இருக்கும் கண்டென்சரில் தூசியும் பூச்சியும் அப்பியிருக்கலாம். ஃபேன் ஓடாமல் இருக்கலாம். வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடான காற்று வந்தால் முதலில் ஃபேனைப் பாருங்கள்.

கேஸ் நிஜமாகவே குறைந்திருந்தால், செய்முறை இப்படித்தான் இருக்க வேண்டும். மீதியுள்ள கேஸை மெஷினில் உறிஞ்சி எடுக்க வேண்டும். நைட்ரஜன் அடித்தோ, ஒளிரும் சாயம் விட்டோ ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிறகு சுமார் அரைமணி நேரம் வேக்குவம் போட வேண்டும். இதுதான் பலர் சுருக்கிவிடும் கட்டம். வேக்குவத்தில் அழுத்தம் குறையும்போது உள்ளே இருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். ஈரம் தங்கினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை உள்ளிருந்து அரிக்கும். வேக்குவத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேஜைப் பார்த்தால், முள் ஏறினால் ஓட்டை இன்னும் இருக்கிறது.

அதன்பின் கேஸ். எவ்வளவு என்பது பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் எழுதியிருக்கும். சிறிய காருக்குப் பொதுவாக 400–500 கிராம் வரும். தராசில் வைத்து எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும். "கை வெச்சுப் பாத்தேன், ஜில்லுனு இருக்கு" என்பது அளவு அல்ல. அதிகமாகப் போனாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் ஓட்டை என்றால்தான் செலவு அதிகம். பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். உதிரிபாகத்தின் விலையை விடக் கூலி வலிக்கும். அதற்குப் பயந்து ஆண்டுதோறும் டாப்-அப் செய்பவர்கள் உண்டு. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதால், கடைசியில் கம்ப்ரஸரும் சிக்கிக்கொள்ளும்.

மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே ஏசி கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதற்குப் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாத தனி வகை ஆயில் வேண்டும். பெட்ரோல் கார்களுக்குப் போடும் ஆயில் கலந்த மெஷினை அப்படியே மாட்டினால் மின்காப்பு கெடும். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர வைப்பதும் இதே கேஸ்தான்.

காற்றில் விடும் அரைக் கிலோ

இந்தியாவில் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ. பழைய ஆர்-12 போல இது ஓசோன் படலத்தைக் கெடுக்காது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடை விட 1,430 மடங்கு வலிமையானது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 450 கிராம் ஆர்-134ஏ காற்றில் கலந்தால் அது சுமார் 640 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும். அப்படியானால் 280 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 16 கி.மீ. என்று வைத்தால், சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்பும் தூரம். உறிஞ்சும் மெஷின் இல்லாத கடையில் வால்வை அழுத்தி 'புஸ்' என்று விடும் அந்த ஒரு நிமிடத்தின் கணக்கு இது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜனவரி முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ கிடையாது. இந்தியா 2021-ல் கிகாலி திருத்தத்தை ஏற்றது. அதன்படி இவ்வகை வாயுக்களை 2032-ல் 10 சதவீதமும், படிப்படியாக 2047-ல் 85 சதவீதமும் குறைக்க வேண்டும்.

கியர்பாக்ஸும் ஏசியும் சந்திக்கும் இடம்

காரின் மூக்கில். முதலில் ஏசி கண்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். பல ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரும் அந்த ரேடியேட்டருக்கு உள்ளேயோ பக்கத்திலோதான். கண்டென்சரில் மண் அடைத்தால் ஏசி மட்டும் பாதிக்கப்படுவதில்லை, கியர்பாக்ஸும் சேர்ந்து வேகும். அந்த இடத்தை நிதானமான நீரில் கழுவினாலே இரண்டுக்கும் நல்லது. பிரஷர் வாஷரை நெருக்கி அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையானால் கூலண்ட்டும் கியர் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் நிறத்தில் வரும். அதைப் பார்த்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வெளியில் செய்தால் வாரண்டி போய்விடுமா?

உதிரிபாகமும் ஸ்கேனரும் கையேடும் வெளிக் கடைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் 2016-ல் மூன்று நிறுவனங்களுக்கான அபராதம் குறைக்கப்பட்டது. அவை தவறு செய்தன என்ற முடிவு மாறவில்லை. ஆனாலும் வெளிக் கடையில் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்று நிறுவனம் காட்ட முடிந்தால் விஷயம் வேறு. அதனால் எந்த ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை கிராம் கேஸ் என்பது பில்லில் எழுத்தில் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

காப்பீட்டை நம்பி இருக்க முடியாது. சாதாரண பாலிசி தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்காது. வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து கெடுத்தாலும் சிக்கல்தான். என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் வாங்கும்போது, அதில் கியர்பாக்ஸும் சேர்த்தி உண்டா என்று ஷரத்தைப் படித்துப் பாருங்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறீர்களா? என்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் 'டி', 'ஆர்' இரண்டையும் போட்டுப் பாருங்கள். பிறகு ஏசியை முழுசாகப் போட்டு அரைமணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டி, ஆயில் சூடானபின் அதையே திரும்பச் செய்யுங்கள். சில கியர்பாக்ஸ்கள் ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருந்து, சூடேறிய பிறகுதான் வழுக்கும்.