ரெட் ஹில்: மலைக்குள் வைத்த எண்ணெய்

பேர்ள் துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய் தரைமேல் தொட்டிகளில், வானிலிருந்து பார்ப்பவர் எண்ணிவிடும்படி நின்றிருந்தது. அதை மலைக்குள் ஒளித்துவைக்கும் வேலையை 1940 டிசம்பரில், ஜப்பானிய விமானங்கள் வருவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டார்கள். ஹொனலூலுவை ஒட்டிய ரெட் ஹில் என்னும் எரிமலைப் பாறை முகட்டைக் குடைந்து 1943-இல் முடித்தார்கள். மொத்தம் இருபது தொட்டிகள். ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி விட்டம், கொள்ளளவு 4.7 கோடி லிட்டர். இருபது மாடிக் கட்டடத்தை உள்ளே நிறுத்தலாம். வெகுகாலம் ரகசியமாக இருந்த இந்தக் கிடங்கை 1995-இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் தொட்டிகளுக்குக் கீழே சுமார் நூறு அடியில் இருந்தது, ஹொனலூலு குடிக்கும் நிலத்தடி நீர்.

கால் அங்குல எஃகுத் தகடு, அதன் பின்னால் கான்கிரீட், அதற்கும் பின்னால் பாறை: தொட்டியின் சுவர் இவ்வளவுதான். எதிரியின் கண்ணுக்கு மறைத்த அதே பாறை, பராமரிப்பவர் கண்ணுக்கும் தகட்டின் முதுகை மறைத்துவிட்டது. எண்ணெயை இறக்கி, ஆவியை வெளியேற்றி, உட்புறம் தொங்கியபடி ஒவ்வொரு தகடாகக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தொட்டிக்கே ஆண்டுக்கணக்கில் ஆகும். 2018-இல் 14-ஆம் தொட்டியிலிருந்து பத்துத் துண்டுகளை வெட்டியெடுத்தபோது பின்புறம் துரு ஏறியிருந்தது. கருவி காட்டிய தடிமனும் துண்டில் அளந்த தடிமனும் எல்லா இடத்திலும் ஒத்துவரவில்லை.

இங்கே ஒரு சட்ட விநோதத்தையும் சொல்ல வேண்டும். நிலத்தடித் தொட்டிகளுக்கென 1984-இல் அமெரிக்கா சட்டம் இயற்றி, 1988-இல் விதிகள் வகுத்தது. தெருமுனைப் பெட்ரோல் நிலையத்துக்குக் கூடக் கசிவறியும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. ரெட் ஹில் போல, இருக்கும் இடத்திலேயே கட்டியெழுப்பிய பெருந்தொட்டிகளுக்கோ அந்த மத்திய விதி 2015 வரை தள்ளிவைக்கப்பட்டது.

2014 ஜனவரியில் 5-ஆம் தொட்டி ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல் கசிந்தது. அது கவனிப்பாரற்றுக் கிடந்த தொட்டி அல்ல. மூன்றாண்டு பராமரிப்பு முடிந்து அப்போதுதான் நிரப்பப்பட்டது. ஒப்பந்ததாரரின் பற்றவைப்பில் குறை. அதைப் பரிசோதித்தவர்களும் பிடிக்கவில்லை. எச்சரிக்கை மணி அடித்தது, பழுதென்று கருதினார்கள். துருவைவிட இந்த அவநம்பிக்கைதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

ஏனெனில் அது திரும்பவும் நடந்தது. 2021 மே 6 அன்று, எண்ணெயை மாற்றும்போது அழுத்தம் எகிறிக் குழாய் இணைப்பு விட்டது. சில ஆயிரம் லிட்டர்தான் சிந்தியது, அதையும் பெரும்பாலும் அள்ளியாயிற்று என்றது கடற்படை. உண்மையில் 75,000 லிட்டர் அளவுக்கு விமான எரிபொருள், தீயணைப்பு நுரைநீர் வடியும் பிளாஸ்டிக் குழாயில் புகுந்து தங்கியிருந்தது. பாரத்தால் குழாய் தொய்ந்தது. ஆறு மாதம் அப்படியே தொங்கியது. கணக்கில் குறைந்த எண்ணெய் எங்கே போயிற்று என்று யாரும் முடிவுவரை தேடவில்லை. நவம்பர் 20 அன்று சுரங்க வண்டி ஒன்று அந்தக் குழாயின் வால்வில் மோதியது.

ஒரு வாரத்தில் கடற்படைக் குடியிருப்புகளின் குழாய்நீரில் எரிபொருள் வாடை. அந்த நீரமைப்பை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர். தலைவலி, வாந்தி, தோல் தடிப்பு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் விடுதிகளுக்குப் போயின. மாசு பரவிவிடும் என அஞ்சி ஹொனலூலு நீர் வாரியம் டிசம்பர் தொடக்கத்தில் தன் ஹலாவா சுரங்கக் கிணற்றையும் மூடியது.

2022 மார்ச் 7 அன்று பாதுகாப்புச் செயலர் லாயிட் ஆஸ்டின் கிடங்கை நிரந்தரமாக மூட உத்தரவிட்டார். உடனே காலி செய்யவும் முடியவில்லை. எண்ணெயைச் சிந்தாமல் இறக்க, முதலில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பழுதுகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2023 அக்டோபரில்தான், 1940-களில் திட்டமிட்டபடியே, புவியீர்ப்பின் சரிவில் அது துறைமுகத்துக் கப்பல்களுக்கு ஓடத் தொடங்கியது.