மூணு கிலோ கழிவு

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பரணை ஒழித்தோம். ஓட்டை வாளி, துருப்பிடித்த சைக்கிள் ரிம், தையல் மெஷினின் உடைந்த கால், அடிபம்பு கழற்றியபோது மிஞ்சிய குழாய்கள், அம்மா காலத்து மண்ணெண்ணெய் ஸ்டவ், எல்லாவற்றையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். தராசில் 62 கிலோ நின்றது. சீட்டில் 59 என்று எழுதினார்.

"மூணு கிலோ எங்கேப்பா?" என்றேன்.

"கழிவு சார். குழாய்க்குள்ள சிமென்ட் இருக்கு, வாளி அடியில தார் இருக்கு. உங்களுக்குன்னு குறைச்சுத்தான் போட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

அந்தக் கழிவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு எதையாவது தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இதைத் தேடிப் படித்ததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

சின்ன வயதில் நம் தெருக்களில் ஈயம், பித்தளை, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் வருவார். என் வயதுக்காரர்களுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கும். ஒருநாள் நானும் அண்ணனும் ஒரு டால்டா டப்பாவில் ஆற்றுமணலைப் போட்டு, வாயைக் கல்லால் நசுக்கி அவரிடம் நீட்டினோம். அவர் எடை போடவே இல்லை. காதருகே வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். "தம்பி, மணலுக்குப் பழம் கிடையாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணன் ஓடிவிட்டான். நான்தான் மாட்டிக்கொண்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சென்னைப் பக்கம் இந்தக் கடைகளைக் காயலான் கடை என்பார்கள். காயல்பட்டினத்து வணிகர்கள் தொடக்கத்தில் இத்தொழிலில் இருந்ததால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு.

இரும்போடு கொஞ்சம் குப்பை வந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். எல்லாக் குப்பையும் ஒரே மாதிரி இல்லை. மண், சிமென்ட், துரு எல்லாம் உலையில் கசடாக மேலே மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம். ஆனால் அந்த மண்ணைச் சூடாக்கவும் மின்சாரம் செலவாகிறது, கசடைப் பிரிக்கச் சுண்ணாம்பு வேண்டும். ஆக ஆலைக்காரர் மண்ணுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறார், வாங்கும்போது ஒரு முறை, உருக்கும்போது ஒரு முறை. இந்த நஷ்டத்தைக் கழிவு போட்டுச் சரிக்கட்டிவிடலாம்.

செம்பு அப்படியில்லை. மோட்டார் சுற்றிய கம்பியோடு இரும்பு உலைக்குள் போனால் அந்தச் செம்பு வெளியே வராது. ஆக்சிஜனை ஊதினால் செம்பு எரிவதற்கு முன் இரும்பே எரிந்துபோகும். கட்டுமானக் கம்பியில் சுமார் 0.4 சதவீதம் வரை செம்பு இருந்தால் தாங்கும். கார் உடம்புக்கான தகட்டில் 0.06 சதவீதத்தைத் தாண்டினாலே சிக்கல், சூட்டில் உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். இன்னொரு எதிரி தண்ணீர். உருகிய இரும்புக்கு அடியில் சிக்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். மழைக்காலத்தில் உலைக்காரர்கள் பழைய இரும்பைச் சந்தேகத்தோடு பார்ப்பது அதனால்தான்.

இப்படி எவ்வளவு குப்பையைப் பொறுத்துக்கொள்வது என்பதை எழுத்தில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்க வியாபாரிகள். 1913ல் நியூயார்க்கில் கழிவுப்பொருள் வியாபாரிகள் ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். அது வேறொரு சங்கத்தோடு சேர்ந்து 1987ல் இஸ்ரி என்ற பெரிய அமைப்பானது. இவர்கள் ஒவ்வொரு சரக்குக்கும் இலக்கணம் எழுதி அதற்கு ஒரு சொல்லும் வைத்தார்கள். தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டிய காலம் அது. "பூச்சில்லாத, பளபளப்பான, கலப்பில்லாத செம்புக்கம்பி" என்று அடிப்பதற்குப் பதில் "பார்லி" என்று அடித்தால் போதும். மஞ்சள் பித்தளைக்கு "ஹனி". செம்பு பித்தளை ரேடியேட்டருக்கு "ஓஷன்". தந்தி போய்விட்டது, சொற்கள் போகவில்லை. நம் நாட்டுச் சுங்க வரி அட்டவணையில் பழைய செம்பைப் பற்றிய பகுதியைப் பாருங்கள், பார்லியும் பெர்ரியும் அங்கேயும் இருக்கின்றன. ஏதோ பலசரக்குக் கடை என்று நினைத்துவிடாதீர்கள்.

இரும்புக்கான அவர்களுடைய விதி எனக்கு மிகவும் பிடித்தது. சரக்கில் மண்ணோ வேறு உலோகமோ அந்நியப் பொருளோ இருக்கவே கூடாது என்று முதலில் கறாராகச் சொல்கிறது. அடுத்த வரியிலேயே, வழக்கமாகக் கையாளும்போது தவிர்க்க முடியாமல் தற்செயலாகச் சேரும் சொற்ப அளவை இது தடுக்காது என்று இறங்கி வருகிறது. அந்த 'சொற்பம்' எவ்வளவு? எண் கிடையாது. விற்பவருக்கு ஒரு சொற்பம், வாங்குபவருக்கு ஒரு சொற்பம். விடைத்தாள் திருத்தும்போது எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதா வேண்டாமா என்று நாங்கள் ஆசிரியர் அறையில் போட்ட சண்டைதான் நினைவுக்கு வந்தது.

இந்தச் சொற்பத்துக்கு ஓர் அரசாங்கமே எண் போட்டதும் உண்டு. பல ஆண்டுகளாக உலகத்துப் பழைய உலோகமெல்லாம் கப்பலேறிச் சீனாவுக்குப் போனது. அங்கே கூலி மலிவாக இருந்தவரை, குப்பையும் உலோகமும் கலந்து வந்தாலும் ஆட்களை உட்காரவைத்துக் கையால் பிரித்தார்கள். புகையும் அமிலமும் சாக்கடையும் அந்த ஊர்களுக்கே மிஞ்சின. 2017 ஜூலையில் சீனா உலக வர்த்தக அமைப்பிடம், இனி 24 வகைக் கழிவுகளை வாங்கமாட்டோம் என்று அறிவித்தது. 2018 மார்ச் 1 முதல் பழைய இரும்பில் அந்நியப் பொருள் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது, மற்ற உலோகங்களில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. நூறு கிலோவில் அரைக் கிலோ! என் பரண் சாமான் அங்கே போயிருந்தால் வாசலிலேயே திருப்பியிருப்பார்கள். சீனா மறுத்த சரக்கில் ஒரு பங்கு மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நம் நாட்டுக்கும் திரும்பியது. ஆக சகிப்பின் அளவு, பிரிக்கும் கைக்கு எவ்வளவு கூலி என்பதையும் பொறுத்தது என்று தெரிகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் எடையில் கழிக்கக்கூடிய குப்பை. கழிக்க முடியாத குப்பையும் உண்டு.

மெக்சிகோவில் ஹுவாரெஸ் என்ற ஊரில் ஒரு மருத்துவமனை 1977ல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, பயன்படுத்தாமலே கிடங்கில் போட்டிருந்தது. 1983 டிசம்பரில் அது பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதற்குள்ளே கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள், ஒரு மில்லிமீட்டர் அளவில் சுமார் ஆறாயிரம் குருணைகளாக இருந்தது. நம் கேழ்வரகை விடச் சிறிது. எடையில் அது ஒன்றுமே இல்லை. உருக்கிய கம்பி மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் வீடுகளுக்குள் போய்விட்டது. 1984 ஜனவரி 16ல் கம்பி ஏற்றிய லாரி ஒன்று அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் அணு ஆய்வுக்கூடத்துக்கு அருகே வழி தவறி நுழைந்தது. அங்கிருந்த கருவி அலறியதால்தான் விஷயமே வெளியே வந்தது. அதன்பிறகு 17,000க்கு மேற்பட்ட கட்டடங்களைச் சோதித்து, 814 கட்டடங்களை முழுதாகவோ பகுதியாகவோ இடித்தார்கள். இன்று பெரிய ஆலை வாசல்களிலும் துறைமுகங்களிலும் லாரி நுழையும் இடத்தில் நிற்கும் கதிர்வீச்சுக் கருவிகள் இந்த மாதிரி விபத்துகளுக்குப் பின் வந்தவை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2004 செப்டம்பர் 30 அன்று டெல்லிக்கு அருகே காஜியாபாத் பகுதியில் ஒரு உருக்காலையில் பழைய இரும்பு வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். ஈரானிலிருந்து வந்த சரக்கில் வெடிக்காத பீரங்கிக் குண்டுகள் கிடந்தன. தேடத் தேட வேறு பல ஊர்களிலும் குண்டுகள் கிடைத்தன. பிறகுதான், துண்டுதுண்டாக அரைக்காத பழைய இரும்பைக் கப்பலேற்றும் முன்பே சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்ற விதியை அரசு கடுமையாக்கியது.

2008ல் பிரான்சில் மின்தூக்கிப் பொத்தான்களில் கதிர்வீச்சு இருப்பது தெரிந்தது. அவை இந்தியாவிலிருந்து போனவை. கோபால்ட் கலந்த பழைய இரும்பு இங்கே உருக்கப்பட்டிருந்தது.

2010ல் டெல்லி மாயாபுரி. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985க்குப் பிறகு யாரும் தொடாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவியை, 2010 பிப்ரவரியில் மற்ற பழைய சாமான்களோடு ஏலம் விட்டார்கள். மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்து வெட்டினார்கள். ஒருவர் இறந்தார். இன்னும் சிலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அத்தனை படித்தவர்கள் இருக்கும் இடத்தில், ஏலப் பட்டியல் எழுதியவர் கண்ணுக்கு அது ஒரு பழைய இயந்திரம், அவ்வளவுதான்.

தூக்கம் வராததற்குக் காரணம், நானும் அப்படி ஒரு பட்டியல் எழுதியவன்.

2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகு எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்பு உருளை மாட்டினோம் இல்லையா? நான் தலைமையாசிரியராக இருந்த நடுநிலைப் பள்ளியிலும் சிவப்பு உருளைகள் மாட்டினோம். காலாவதியான இரண்டைக் கழற்றிச் சாமான் அறையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கினோம். 2013ல் உடைந்த பெஞ்சு, நாற்காலி, சத்துணவுக் கூடத்து ஓட்டை அண்டா எல்லாம் கழித்துக்கட்ட அனுமதி வந்தது. பட்டியலில் நான் "உடைந்த இரும்புத் தளவாடங்கள், மொத்தமாக" என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த இரண்டு உருளைகளும் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டன. ஏலம் எடுத்தவர் இதே கடைக்காரர். பெஞ்சில் ஒட்டியிருந்த மரத்துக்காக ஐந்து சதவீதம் கழிவு போட்டார். அதற்கு நான் பேரம் பேசினேன் என்பதும் நினைவிருக்கிறது.

உருளைக்குள்ளே சின்னதாக ஒரு கேஸ் குப்பி உண்டு. பொடியை வெளியே தள்ளுவதற்கு. காலாவதியானாலும் குப்பியில் அழுத்தம் அப்படியே இருக்கலாம். கடையில் வேலை பார்த்த பையன், இருபத்திரண்டு வயது, கேஸ் கட்டரை வைத்திருக்கிறான். சூட்டில் குப்பி வெடித்தது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

இது எனக்கு ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில், வேறொரு மாணவர் வாயிலாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலையிலேயே கடைக்குப் போனேன். "ஏன்டா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"சார்கிட்ட எப்படி சார் சொல்றது? நாங்கதான் பார்த்து வெட்டியிருக்கணும்" என்றார்.

ஆஸ்பத்திரிச் செலவை அவரே பார்த்திருக்கிறார். நான் கொடுக்கப்போன பணத்தை அவர் வாங்கவில்லை. அந்தப் பையன் வாங்கிக்கொண்டான். அவன் இப்போது அதே கடையில் எடைமேடையில் நிற்கிறான். சென்ற ஞாயிற்றுக்கிழமை 59 என்று சீட்டு எழுதச் சொல்லிக் கூவியவன் அவன்தான். "கழிவு கம்மியாப் போடுங்கண்ணே, சார் சாமான்" என்றும் சொன்னான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

என் சாக்கிலிருந்து அந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை எடுத்து, தொட்டி மூடியைத் திருகி, முகர்ந்து பார்த்து, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் தராசில் போட்டான். அம்மா இறந்து பதினெட்டு வருடம். இன்னும் அரை டம்ளர் மண்ணெண்ணெய் உள்ளே இருந்தது!

கிளம்பும்போது கடைக்காரர் ஒரு தகரப் பலகையைக் காட்டி, "வாசல்ல மாட்டணும் சார், உங்க கையெழுத்துல எழுதிக் கொடுங்க" என்றார். கரும்பலகை எழுத்து இன்னும் மறக்கவில்லை. வெள்ளைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன், நாளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மூடிய சிலிண்டர், தீயணைப்பு உருளை, வண்டி ஏசி கம்ப்ரசர், பெட்ரோல் டேங்க், ஷாக் அப்சர்பர், பழைய பேட்டரி, மருத்துவமனை மற்றும் ஆய்வுக்கூடச் சாமான், மஞ்சள் கருப்பில் மூன்று இதழ் விசிறிக் குறி போட்ட எதுவும். இவற்றைத் தனியாகச் சொல்லிக் கொடுக்கவும், இரும்போடு கலக்க வேண்டாம் என்று.

உங்களில் பலர் பட்டறை, ஆஸ்பத்திரி, பள்ளி, மின்வாரியம் என்று வேலை பார்க்கிறீர்கள். இந்தப் பட்டியலில் விட்டுப்போனது இருந்தால் இன்று ராத்திரிக்குள் எழுதுங்கள். பலகையின் அடியில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.