குதிரையில் யார் வந்தாலும் அதே இசை: வாக்னரும் சினிமாவும்

1. ரிச்சர்ட் வாக்னர்ங்கிற பேரை நீங்க கேள்விப்படாம இருக்கலாம். ஆனா அவர் இசையைக் கேட்காம இருந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. சர்ச் கல்யாணத்துல மணப்பெண் உள்ளே நடந்து வரும்போது ஆர்கன்ல ஒரு மெட்டு வாசிப்பாங்களே, அது அவரோடது. 'லோஹென்கிரின்' என்ற ஓபராவில் வருது. (ஓபராவில் அந்தக் கல்யாணம் முதல் ராத்திரியைக்கூடத் தாண்டாது. அது தனிக்கதை.)

2. அவரோட இன்னொரு இசைத் துண்டு 'வால்கிரிகளின் சவாரி'. கடல் மேல ஹெலிகாப்டர்கள் வரிசையா வர, பின்னணியில் டிரம்பெட்டும் டிராம்போனும் முழங்குமே, அதுதான். இந்த ஒரே துண்டை அமெரிக்க இனவெறிப் படம், நாஜி செய்திப்படம், முயல் கார்ட்டூன், போரை விமர்சிக்கும் படம்னு எல்லாருமே பயன்படுத்தியிருக்காங்க. எல்லாருக்கும் எப்படிப் பொருந்துச்சு? அதுதான் இந்த நீள இழை.

3. முதல்ல ஆளைப் பத்தி. பிறப்பு 1813, லைப்சிக். இறப்பு 1883, வெனிஸ். 'நிபெலுங்கின் மோதிரம்' என்ற பெயரில் நாலு ஓபராக்கள் எழுதினார். தொடங்கி முடிக்க 26 வருஷம். நாலையும் சேர்த்து மேடையேத்தினா ஏறக்குறைய 15 மணி நேரம் ஓடும்.

4. இதை நடத்த பாய்ராய்ட் என்ற ஊரில் தனக்குன்னே ஒரு அரங்கம் கட்டி, 1876ல் திறந்தார். அந்த அரங்கத்தைக் கவனிங்க. இசைக்குழு மேடைக்கு அடியில் ஒரு பள்ளத்தில் மறைஞ்சிருக்கும். விளக்கை அணைச்சிடுவாங்க. பக்கவாட்டு மாடங்கள் கிடையாது, எல்லா இருக்கையும் மேடையை நேரா பார்க்கும். இருட்டு, வெளிச்சமான ஒரே சட்டகம், எங்கிருந்து வருதுன்னே தெரியாத இசை. சினிமா பிறக்க இன்னும் 20 வருஷம் இருக்கு. ஆனா சினிமா தியேட்டர் ரெடி!

5. அடுத்து அவர் பயன்படுத்திய முறை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும், வாளுக்கும், சாபத்துக்கும் ஒரு சின்ன இசைக்குறி. ஆள் மேடையில் இல்லாட்டாலும் அந்தக் குறி ஒலிச்சா அவன் நினைப்பு நமக்கு வந்துடும். இதுக்கு 'லைட்மோட்டிஃப்'னு பேர். (அந்தப் பேரைப் பரப்பினது அவரோட ஆதரவாளர்கள்தான்.) நம்ம ஊர்ல ஹீரோ முகம் தெரியுறதுக்கு முன்னாடியே பிஜிஎம் வந்து தியேட்டரே விசில் அடிக்குதே, அந்த உத்திக்கு முன்னோடி இதுதான்.

6. இப்ப அந்தச் சவாரிக்கு வருவோம். 'வால்கிரி' ஓபராவின் மூன்றாம் அங்கம் இதோடதான் தொடங்குது. முதல் அரங்கேற்றம் 1870, மியூனிக். வால்கிரிகள் போர்த்தெய்வத்தின் மகள்கள். பறக்கும் குதிரையில் வருவாங்க. எதுக்கு வர்றாங்க? சண்டை போட இல்ல. போர்க்களத்தில் செத்த வீரர்களின் உடலைச் சேணத்தில் தூக்கிப்போட்டு வான்மாளிகைக்கு எடுத்துட்டுப் போக.

7. அரசு ஆஸ்பத்திரி பாஷையில் சொன்னா, அமரர் ஊர்தி! உலகத்தின் மிகப் பிரபலமான 'தாக்குதல்' இசை, அசல்ல பிணம் எடுத்துட்டுப் போற இசை.

8. அந்தக் காட்சியில் ஒரு நுணுக்கம் இருக்கு. ரெண்டு குதிரைகள் ஒண்ணை ஒண்ணு முட்டிக்கும். காரணம், அதுங்க மேல கிடக்கிற ரெண்டு பிணமும் உயிரோட இருந்தப்ப பகைவர்கள். வால்கிரிகள் அதைப் பார்த்துச் சிரிப்பாங்க. அதாவது அவங்க ரெண்டு தரப்புப் பிணத்தையும்தான் எடுக்குறாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

9. இந்தத் துண்டை மட்டும் பிச்செடுத்துக் கச்சேரியில் வாசிக்க வாக்னர் ஆரம்பத்தில் அனுமதி தரல. பிறகு அவரே இறங்கிவந்து 1877ல் லண்டன் கச்சேரியில் நடத்தினார். கதையிலிருந்து துண்டைப் பிரிச்சா என்ன ஆகும்? குதிரை மிஞ்சும், பிணம் காணாமப் போகும். சினிமாவில் அதுதான் நடந்துச்சு.

10. சினிமாவோட முதல் மோதலே வேடிக்கையானது. 1913ல் அவரோட நூற்றாண்டுக்கு ஜெர்மனியில் கார்ல் ஃப்ரோலிக் வாக்னர் வாழ்க்கையை மௌனப்படமா எடுத்தார். வாக்னர் இசையைப் பயன்படுத்த குடும்பம் கேட்ட தொகை கட்டுப்படியாகல. அதனால வாக்னரா நடிச்ச ஜூசெப்பே பெச்சேயே வேற இசை அமைச்சார். வாக்னர் பத்தின படம், வாக்னர் இசை இல்லாம! அந்த வருஷக் கடைசியோட ஜெர்மனியில் காப்புரிமையும் முடிஞ்சது.

11. 1915, அமெரிக்கா. டி.டபிள்யூ. கிரிஃபித்தின் 'ஒரு தேசத்தின் பிறப்பு'. மூணு மணி நேரப் படம். நியூயார்க் திரையிடலுக்கு ஜோசஃப் கார்ல் ப்ரைல் தொகுத்த இசையை முழு இசைக்குழு நேரில் வாசிச்சது. உச்சக்காட்சியில் வெள்ளை முக்காடு போட்ட கூ க்ளக்ஸ் க்ளான் ஆட்கள் வெள்ளையர்களைக் 'காப்பாத்த' குதிரையில் பாய்ஞ்சு வர்றாங்க. இசை? அதே சவாரி.

12. அதில் வில்லன் யாரு? அடிமைத்தளையிலிருந்து அப்பத்தான் விடுபட்ட கறுப்பினத்தவர். முக்கிய கறுப்புப் பாத்திரங்கள்ல பலதை முகத்தில் கரி பூசின வெள்ளையர்களே நடிச்சாங்க. கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபி நகரம் நகரமா எதிர்த்துச்சு. படம் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு.

13. 1870களில் ஒடுங்கிப்போன க்ளான் அமைப்பு, அதே 1915 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மௌண்டனில் திரும்ப ஆரம்பிக்கப்பட்டது. பின்னாடி ஆள் சேர்க்கவும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாங்க. இசை மட்டும் இதைச் செய்யல. ஆனா கொலைகாரக் கும்பலைப் பார்த்து 'சீக்கிரம் வாங்கப்பா'ன்னு ஒரு அரங்கமே இருக்கையின் நுனிக்கு வந்ததில் அந்த இசைக்குப் பங்கு இருக்கு.

14. அடுத்தது ஜெர்மனி. வாக்னர் 1850ல் புனைபெயரில் யூதர்களின் இசையை இழிவுபடுத்தி ஒரு கட்டுரை எழுதினார். 1869ல் சொந்தப் பேரிலேயே திரும்ப வெளியிட்டார். இதில் மழுப்ப எதுவும் இல்ல. ஹிட்லருக்கு வாக்னர் மேல பக்தி, பாய்ராய்ட் குடும்பத்தோட நெருக்கம். போர்க்காலச் செய்திப்படத்தில் ஜெர்மன் விமானத் தாக்குதலுக்குப் பின்னணியா இந்தச் சவாரி ஒலிச்சது. குதிரை இடத்தில் விமானம். பிணம் இப்பவும் சட்டகத்துக்கு வெளியேதான்.

15. இதே காலத்தில் ஹாலிவுட்டில் வரலாறு ஒரு விசித்திரம் பண்ணுச்சு. வாக்னர் முறையை அமெரிக்க சினிமாவில் வேரூன்ற வச்ச முக்கியமான மூணு பேருமே யூதப் பின்னணியிலிருந்து வந்த ஐரோப்பியர்கள். வியன்னாவில் பிறந்த மேக்ஸ் ஸ்டைனர், 1933ல் 'கிங் காங்'. பெர்லின் தெருவில் நாஜிகளிடம் அடிவாங்கி நாட்டை விட்டு வெளியேறிய ஃப்ரான்ஸ் வாக்ஸ்மன்.

16. மூணாவது ஆள் எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட். 1938ல் 'ராபின் ஹூட்' படத்துக்கு இசையமைக்க வியன்னாவிலிருந்து ஹாலிவுட் வந்தார். வந்த கொஞ்ச நாள்லயே, மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிட்டார். அந்தப் படம் தன் உயிரைக் காப்பாத்துச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். அதுக்கு ஆஸ்காரும் கிடைச்சது. யாரை வாக்னர் 'இவங்களால இசை படைக்க முடியாது'ன்னு எழுதினாரோ, அவங்கதான் அவர் முறையை உலகத்துக்கே கொண்டுபோனாங்க.

17. 1940, சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்'. ஹிட்லரைப் போன்ற சர்வாதிகாரி உலக உருண்டை பலூனைத் தூக்கிப்போட்டு நடனமாடுவானே, அதுக்குப் பின்னணி 'லோஹென்கிரின்' முன்னிசை. மென்மையான, வானத்தில் மிதக்கிற வயலின்கள். கடைசியில் பலூன் வெடிக்கும்.

18. இதோட விட்டிருந்தா வெறும் கிண்டல். ஆனா படத்தின் முடிவில் யூத நாவிதர் சமாதானப் பேச்சை முடிச்சு, ஹன்னாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறப்ப அதே முன்னிசை திரும்ப வரும்! முதல்ல வெறியனின் கனவு, இப்ப அவனால் அகதியான பெண்ணின் நம்பிக்கை. ஸ்வரம் மாறல. நாம யாரைப் பார்த்துட்டிருக்கோம்ங்கிறதுதான் மாறுச்சு. ஹிட்லருக்குப் பிடிச்ச இசையை சாப்ளின் தடை பண்ணச் சொல்லல, அவன் கையிலிருந்து பிடுங்கிக்கிட்டார்.

19. 1957ல் சக் ஜோன்ஸ் ஒரு ஏழு நிமிஷக் கார்ட்டூன் எடுத்தார். 'வாட்ஸ் ஓபரா, டாக்?' வேட்டைக்காரன் எல்மர் ஃபட் கொம்பு வச்ச தலைக்கவசத்தோட, சவாரி மெட்டில் பாடிக்கிட்டே பக்ஸ் பன்னி முயலைத் துரத்துவான். கடைசியில் முயலைக் கொன்னுட்டு, அதைக் கையில் ஏந்தி அழுதுகிட்டே நடப்பான். கவனிச்சீங்களா? சினிமாவில் சவாரிக்குள்ள பிணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது ஒரு கார்ட்டூன்.

20. இப்ப 1979. ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 'அபோகலிப்ஸ் நௌ'. வியட்நாம் போர். கர்னல் கில்கோராக ராபர்ட் டுவால். ஹெலிகாப்டரில் ஸ்பீக்கர் கட்டி, வாக்னரைப் போட்டுக்கிட்டே ஒரு கிராமத்தைத் தாக்குறார். எதிரி பயப்படுவான், என் பசங்களுக்கும் பிடிக்கும்ங்கிறது அவர் விளக்கம். ஏன் அந்தக் கிராமம்? அங்கே அலைச்சறுக்குக்கு நல்ல அலை வருமாம்!

21. அந்தக் காட்சிக்கு எடுத்த பதிவு ஜார்ஜ் சோல்டி நடத்தியது, வியன்னா ஃபில்ஹார்மானிக் வாசிச்சது. டெக்கா நிறுவனம் முதல்ல அனுமதி மறுத்துடுச்சு. எடிட்டரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச் வேற பல பதிவுகளைத் தேடிக் கேட்டுப்பார்த்தார், எதுவும் காட்சியோட ஒட்டல. கடைசியில் கொப்போலா சோல்டியிடமே நேரா கேட்டு வாங்கினார். சோல்டி யாரு? புடாபெஸ்டில் பிறந்த யூதர். போர் முழுக்க சுவிட்சர்லாந்தில் அடைக்கலமா இருந்தவர்.

22. அந்தக் காட்சியின் உயிர்நாடி ஒரு வெட்டு. இசை உச்சத்துக்குப் போயிட்டிருக்கும்போது திடீர்னு நிசப்தம். ஒரு வியட்நாம் பள்ளிக்கூட முற்றம். பிள்ளைங்க வெளியே வர்றாங்க. அப்புறம் தூரத்தில் லேசா ஹெலிகாப்டர் சத்தம், எச்சரிக்கை மணி, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஓடுற ஓட்டம். அதுக்கப்புறம்தான் வாக்னர் திரும்ப வர்றார்.

23. இங்கே கொஞ்சம் மருத்துவம். 2006ல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 'ஹார்ட்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 24 பேருக்கு சிதார் ராகம், பீத்தோவன், விவால்டி, டெக்னோன்னு பலவகை இசை. வேகம் கூடக்கூட மூச்சும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடுச்சு. எந்த வகை இசை பிடிக்கும்ங்கிறது பெருசா பொருட்டில்ல, வேகம்தான் பொருட்டு.

24. இன்னும் சுவாரஸ்யம்: நடுவில் 2 நிமிஷம் இசையை நிறுத்தினப்ப அந்த அளவுகள், இசை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருந்ததைவிடக் கீழே இறங்குச்சு. சின்ன ஆய்வுதான், அதை வச்சு எல்லாத்தையும் விளக்கிட முடியாது. ஆனா கொப்போலா படத்தின் அந்த வெட்டு எனக்குப் புரியுறது இப்படித்தான்: நம்ம உடம்பை ஹெலிகாப்டரில் ஏத்திட்டாங்க, நாடியை ஏத்திட்டாங்க, பிறகு கீழே அந்த முற்றத்தில் இறக்கி விட்டு 'இப்ப பாரு'ங்குறாங்க.

25. கிரிஃபித் இதைச் செய்யவே இல்ல. நாஜி செய்திப்படமும் செய்யல. அந்த நிசப்தம் இல்லாததுதான் பிரச்சாரம்.

26. சரி, நிசப்தம் வேலை செஞ்சுதா? அதுக்கும் ஒரு படம் பதில் சொல்லுது. சாம் மெண்டஸின் 'ஜார்ஹெட்', 2005. வளைகுடாப் போருக்குக் கிளம்பப் போற அமெரிக்க மரைன்கள் முகாம் தியேட்டரில் 'அபோகலிப்ஸ் நௌ' பார்க்கிறாங்க. சவாரி தொடங்குது. எல்லாரும் எழுந்து அந்த மெட்டைக் கத்திப் பாடுறாங்க, கை தட்டுறாங்க. பள்ளி முற்றமெல்லாம் அவங்க கண்ணிலேயே படல.

27. படத்தின் மூலம் அந்தோணி ஸ்வாஃபர்ட் என்ற முன்னாள் மரைனின் நினைவுக்குறிப்பு. போருக்கு எதிரான படம்னு நாம சொல்றது சிப்பாய்க்கு அப்படி இல்ல, அவனுக்கு அது போரின் மேல ஆசைதான் ஏத்தும்ங்கிறது அவர் கருத்து. இன்னொரு தகவல்: 'ஜார்ஹெட்' படத்தின் எடிட்டரும் அதே வால்டர் மர்ச்தான். 26 வருஷம் முன்னாடி தான் வேலை செஞ்ச படத்தின் காட்சிக்குச் சிப்பாய்கள் ஆர்ப்பரிக்கிறதை, அவரே உட்கார்ந்து வெட்டி ஒட்டினார்.

28. அப்ப வாக்னரைத் தடை பண்ணிடலாமா? இஸ்ரேலில் சட்டம் எதுவும் இல்லாட்டாலும் 1938லிருந்து அவர் இசையைப் பொதுவா மேடையேத்துறது இல்ல. 2001ல் ஜெருசலேமில் டேனியல் பேரன்பாயிம் கச்சேரி முடிவில் ரசிகர்களிடம் கேட்டுட்டுத்தான் 'ட்ரிஸ்டன்' வாசிச்சார். சிலர் எழுந்து போனாங்க, நிறைய பேர் இருந்து கேட்டாங்க. முகாமிலிருந்து மீண்டவருக்கு அதைக் கேட்க முடியலன்னா, அந்த வலியோட வாதாட எனக்கு உரிமை கிடையாது.

29. ஆனா தடை நம்ம பிரச்சனையைத் தீர்க்காது. வாக்னர் இல்லாட்டா வேற ஒருத்தர் இசை அந்த இடத்துக்கு வந்துடும். இன்னிக்கு ஒரு கும்பல் தாக்குதல் வீடியோவுக்கு அடியில் மாஸ் பிஜிஎம் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புறவன், கிரிஃபித் பேரையே கேட்டிருக்க மாட்டான். செய்யுறது அதே வேலை.

30. மயிர்க்கூச்செறியறது பொய் இல்ல. நாடி ஏறினது உண்மை. ஆனா நாடி வேகத்துக்குத்தான் சாட்சி சொல்லும், நியாயத்துக்கு இல்ல. அடுத்த தடவை ஒரு காட்சியில் உடம்பு சிலிர்த்தா ரெண்டே கேள்வி கேட்டுப் பாருங்க: கேமரா என்னை யாரோட குதிரையில் ஏத்தியிருக்கு? பிணத்தை எங்கே ஒளிச்சு வச்சிருக்கு?

31. வால்கிரிகள் ரெண்டு தரப்புப் பிணத்தையும்தான் எடுத்துட்டுப் போனாங்க. வாக்னர் அதை ஓபராவிலேயே எழுதி வச்சிருக்கார். நேரம் கிடைச்சா 'தி கிரேட் டிக்டேட்டர்' கடைசிப் பத்து நிமிஷத்தை மறுபடி பாருங்க, ஹெட்போன் போட்டு.